சாவாப் பாம்பும் வால் பிடித்தவனும்

பினாங்குத் துறைமுகத்தில், தென்னைமர நீளத்துக்கு இருந்த ஒரு மலைப்பாம்பைத் தனி ஆளாக, வெறுங்கையால் பிடித்துச் சாக்கில் போட்டவன் நான்.

பொய். தென்னைமர நீளமும் இல்லை, தனி ஆளும் இல்லை. தலையைப் பிடித்தவர் வேறொருவர், இடுப்பைப் பிடித்தவர் வேறொருவர். நான் வால் பிடித்தேன். எனக்கு ஒழுங்காகக் கைவந்த தொழில் வால் பிடிப்பது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரி பொன்னி சொல்வாள். அவள் சொல்வது பாம்பை மட்டுமல்ல, நான் வேலை பார்த்த முதலாளிகளையும் சேர்த்துத்தான்.

போன வாரம் பத்திரிகையில் நான் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்த கதையைப் படித்துவிட்டு, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகர் சொல்லியனுப்பியிருந்தார்: "வேலு அண்ணே, அடுத்த தடவையாவது வீரமா ஏதாச்சும் சொல்லுங்க." அதற்காகத்தான் அந்த முதல் வரி. என் வீரம் அந்த வரியோடு முடிந்தது.

எனக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறேன், அரிசி மூட்டை இறக்க. நான் பேசப் பேச, வீட்டில் படித்தவள் ஒருத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் துவைத்து, காயப்போட்டு, மடித்து அனுப்புகிறாள். பொய்யை மட்டும் துவைக்காதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொட்டிலுக்குப் பக்கத்தில் ஆடியது

கண்ணை மூடினால் முதலில் அந்தத் தொட்டில்தான் வருகிறது.

கடற்கரைத் தெருவுக்குப் பின்னால் ஓர் அரிசிக் கிட்டங்கி. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஓர் அறை. கிட்டங்கிக்கு நான் காவல்காரன், அந்த அறை காவல்காரனுக்கு. வேலை போனால் அறையும் போகும். பொன்னியின் பழைய சேலையை உத்தரத்தில் கட்டித் தொட்டிலாக்கியிருந்தோம். உள்ளே எங்கள் பெண்குழந்தை. இன்னும் தவழாத வயது.

மத்தியானம். கடல் காற்று பலகை இடுக்குகளில் நுழைந்து, நெல் உமி வாசனையையும் தார் வாசனையையும் கலந்து கொண்டுவந்தது. தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், அதே தாளத்தில், இன்னொன்றும் ஆடிக்கொண்டிருந்தது.

பொன்னி ஏதோ சல்லாத் துணியைத் துவைத்துத் தொங்கவிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். எங்களிடம் ஏது சல்லாத் துணி என்று நினைக்கத் தோன்றவில்லை. தொட்டேன். வெங்காயச் சருகுபோலச் சலசலத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளி வெயில். அந்த வெயில் வலைபோலக் குழந்தையின் முகத்தில் விழுந்து ஆட, குழந்தை அதைப் பார்த்துக் கால்களை உதைத்துக்கொண்டது.

நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு அழகை அந்த அறை அதற்குமுன் கண்டதில்லை.

பொன்னி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அலறவில்லை. குடத்தை இறக்கினாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"ஏங்க, இந்தப் பாம்புச் சட்டை எந்தப் பக்கமா உரிச்சிருக்கு?"

"அதெல்லாம் பாத்தா தெரியுமா?"

"தல எந்தப் பக்கம் போயிருக்குன்னு கேக்குறேன்."

உத்தரத்தைப் பார்த்தேன். அந்த மரம் சுவரின் மேலே ஓர் ஓட்டை வழியாகக் கிட்டங்கிக்குள் போகிறது. அல்லது அங்கிருந்து இங்கே வருகிறது.

"அது போகணும்," என்றாள் பொன்னி. "இல்லன்னா நானும் புள்ளையும் போறோம்."

துண்டு நடந்து போனது

கிட்டங்கியில் ஒரு பாம்பு இருப்பது எனக்குத் தெரியாததல்ல. பொன்னியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூட்டை அடுக்குக்கு மேலே ஒரு கப்பல் வடம் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். வேர்வை துடைத்த துண்டை அதன்மேல் காயப்போட்டுவிட்டு, கீழே சாய்ந்து கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது துண்டு நடந்து போய்க்கொண்டிருந்தது. மெதுவாக, கோயில் தேருக்குப் போர்த்திய பட்டுபோல, மூட்டைக்கு மூட்டை ஏறி இறங்கிப் போனது. பயப்படவேண்டும் என்று தோன்றுவதற்குள் அது போயே விட்டது. அந்தத் துண்டை நான் திரும்பக் கேட்கவில்லை.

வாசல் காவலுக்கு இருந்த மலாய்க்காரர் பாக் மாட் சிரித்தார். துறைமுகத்தில் பொறுக்கிய தமிழ் அவருடையது.

"அது ஊலார் சாவா. நீ தொடாதே, அது உன்னைத் தொடாது."

கிட்டங்கி மாட்டுவண்டிக்காரர் சவரிமுத்து அண்ணனிடம் அர்த்தம் கேட்டேன். எங்களில் மலாய் படித்தவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

"ஊலார்னா பாம்புடா. சாவான்னா தெரியாதா? சாவாது. அதுக்குச் சாவே இல்ல. பாவம், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவுங்க நம்ம தமிழைக் கடன் வாங்கியிருக்காங்க."

"நெசமாவா அண்ணே?"

"வேதத்துலயே இருக்குலா. தோட்டத்துல ஏவாளை ஏமாத்துன பாம்பு செத்துச்சுன்னு எங்கயாவது எழுதியிருக்கா? பூசையில சாமியார் ஒருநாளும் சொல்லல."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்து நாகாத்தம்மனும் செத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இப்படி அவர் மாதாகோயில் வழியாகவும் நான் அம்மன் கோயில் வழியாகவும் போய் ஒரே இடத்தில் சேர்ந்தோம். கிட்டங்கிப் பாம்புக்குச் சாவு கிடையாது.

அரிமாவு வாங்கப் போனவர்

சவரிமுத்து அண்ணனின் மலாயைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிடவேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் பினாங்குத் தீவுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். ஒருநாள் காலையில் மலாய்க்காரர் ஒருவர், தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் ஓடிவந்து, "ஹரிமாவ், ஹரிமாவ்" என்று கத்தியிருக்கிறார். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இவர் மட்டும் தகர டின்னை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அரிசி மாவு வந்திருக்கிறதாம், முதலில் போனால் நிறையக் கிடைக்குமாம்.

ஹரிமாவ் என்றால் புலி.

புலி அன்றைக்கு இவரைப் பார்த்ததாம். டின்னையும் பார்த்ததாம். பிறகு திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டதாம். "என்னத்தடா நெனச்சிருக்கும் அது?" என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் புலி எப்போதாவது ஓர் ஆட்டைத் தூக்கும். தோட்டத்துத் துரை அதைச் சுட்டுவிட்டார். லயமே கூடி ஆடியது. சவரிமுத்து அண்ணனும் ஆடினார். அடுத்த மழைக்குக் காட்டுப்பன்றிகள் வந்தன. புலிக்குப் பயந்து உள்காட்டில் கிடந்தவை, கூட்டம் கூட்டமாகக் குட்டிகளோடு வந்து, லயத்துக்குப் பின்னால் ஜனங்கள் போட்டிருந்த மரவள்ளியைத் தோண்டித் தின்றன.

"ஒரு கெழங்கு மிச்சமில்லடா வேலு," என்பார். "அரிமாவும் போச்சு, அரிசி மாவும் போச்சு."

இந்தக் கதையை நான் ஆயிரம் தடவை கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம்.

என் உத்தியோகம்

பொன்னி சொன்ன அன்றே பாராங் கத்தியோடு சவரிமுத்து அண்ணன் வந்துவிட்டார். பாம்பு மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தது. கத்தியை ஓங்கினார். ஓங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

"என்ன அண்ணே?"

"வெட்டுனா சாவாதே. திரும்பி வருமே. யாரு வெட்டுனதுன்னு ஞாபகம் வச்சிருக்குமே."

கத்தி மெல்ல இறங்கியது. உயிரோடு பிடித்து ஆயர் ஈத்தாம் மலையடியில் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பாக் மாட்டுக்கு மனமில்லை. "பாம்பு இருக்கட்டும், ஓட்டை அடை," என்று சொல்லிப் பார்த்தார். பிறகு அவர்தான் தலையைப் பிடித்தார். சவரிமுத்து அண்ணன் இடுப்பு. எனக்கு வால்.

வால் ஆபத்தில்லாத இடம் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். மலைப்பாம்பு பயந்தால் கடிப்பது தலைப்பக்கம். ஆனால் அதற்கும் முன்னால் அது செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது, அது வால் பக்கம். முகம், மார்பு, வேட்டி எல்லாம் நனைந்தது. அந்த நாற்றத்தைச் சொல்ல எழுதுகிறவளிடம் வார்த்தை இல்லையாம், மூக்கை மட்டும் சுளிக்கிறாள். பொன்னி என்னைப் பல நாள் வாசலிலேயே படுக்கவைத்தாள்.

மலையடியில், டுரியான் தோப்பு ஓரத்தில் சாக்கை அவிழ்த்தோம். பாம்புக்கு அவசரமே இல்லை. நாக்கால் காற்றைக் கொஞ்சம் ருசி பார்த்தது. பிறகு சருகுக்குள் சருகாகவே போயிற்று. சருகுகள் அசையவில்லை, வெயில்தான் அசைந்ததுபோல இருந்தது. எனக்குத் தெரிந்த பகுதியான அந்த வால் நுனி கடைசியாக ஒரு வேருக்குப் பின்னால் மறைந்தது. என்னவோ, வேலையைவிட்டு நிறுத்திய ஒருவரை வழியனுப்பிவிட்டு நிற்பதுபோல நின்றேன்.

அரிசி ஒழுகும் சத்தம்

கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சத்தம்.

மழை விட்டபின் கூரை சொட்டுவதுபோல மெல்லிய சத்தம். மழையே இல்லாத நாளில். உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு மூட்டையின் ஓரத்திலிருந்து அரிசி நூல்போல இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சக் கீற்றில் ஒவ்வொரு மணியும் மின்னி விழுந்தது. அன்றைக்கும் நான் அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என் புத்தி அப்படி.

எலிகள். மூட்டைக்கு மூட்டை எலிகள். சீன முதலாளி பூனைகள் கொண்டுவந்து விட்டார். எலிகளைப் பார்த்துவிட்டு அந்தப் பூனைகள் முதலாளியின் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. பொறி வைத்தோம். சவரிமுத்து அண்ணனின் கால் விரல் மாட்டியது. ஜனங்கள் சாப்பிடுகிற அரிசி, அதனால் விஷம் வைக்கமுடியாது.

இத்தனைக்கும் அந்தப் பாம்பு தின்றது கொஞ்சம்தான். ஓர் எலியை விழுங்கினால் நாள்கணக்கில் தூங்கும். ஆனால் அது தூங்குகிற இடத்தில் எலி குடும்பம் போடாது. அதன் வாசனையே காவல். நானும் காவல்காரன்தான், நானும் நாள்கணக்கில் தூங்கினேன். என்னைக் கண்டு எந்த எலி பயந்தது?

ஒருநாள் விடிகாலையில் பொன்னி குழந்தையைத் தூக்கினாள். தொட்டில் சேலையில் ஒரு கறை. வெற்றிலைக் கறை என்று முதலில் நினைத்தோம். குழந்தையின் குதிகாலில் தோல் பிய்ந்திருந்தது.

அன்று மாலைக்குள் குழந்தையின் உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. எலி செத்து விழுந்தால் கொள்ளைநோய் என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டு பயந்த காலம் அது. ஆஸ்பத்திரி டிரஸர் மருந்து வைத்துக் கட்டிவிட்டுச் சொன்னார்: "இந்தக் காச்சல் இறங்கும். இன்னொருக்கா கடிச்சா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. புள்ளைய அங்க வைக்காதீங்க."

அங்கே வைக்காமல் எங்கே வைப்பது? பொன்னி குழந்தையைத் தொட்டிலில் போடுவதையே விட்டுவிட்டாள். மடியிலேயே வைத்துக்கொண்டு, சுவரோடு சாய்ந்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பகலில் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் தரமாட்டாள். நான் தூங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

காய்ச்சல் இறங்கிய காலையில் அவள் சொன்னாள், "அதைக் கொண்டாங்க."

"எதை? எலிப் பாஷாணமா?"

"பாம்ப."

"பொன்னி, நீதானே அதை..."

"நான்தான் போகச் சொன்னேன். நான்தான் வரச் சொல்றேன். அந்த ஓட்டையில கம்பி வலை அடிங்க. அது அந்தப் பக்கம் இருக்கட்டும். எலி பொறக்கிறது அந்தப் பக்கம்தானே."

"ஓட்டைய அடைச்சா எலியும் வராதே. பாம்பு எதுக்கு?"

"எத்தன ஓட்டைய அடைப்பீங்க? நீங்க அடிச்ச பலகையெல்லாம் எலிக்குப் பலகாரமாப் போச்சு."

பாக் மாட் சொன்ன அர்த்தம்

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே பாக் மாட்டிடம் போனாள். நானும் சவரிமுத்து அண்ணனும் பின்னால் போனோம்.

"பாக், அந்த ஊலார் சாவாவை எங்க தேடுறது? உசுரோடதான் இருக்கும். அதுக்குத்தான் சாவே இல்லையே."

பாக் மாட் சுருட்டிக்கொண்டிருந்த புகையிலையைக் கீழே வைத்தார். "யார் சொன்னான் சாவு இல்லே?"

"நீங்கதான்."

"நான் எப்போ சொன்னான்?"

"சாவா சாவான்னு தெனம் சொன்னீங்களே பாக்."

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாவா என்றால் நெல் வயல். அது வயல் பாம்பு, அவ்வளவுதான். இந்தப் பக்கத்து மலாய்க்காரர்கள் வயலைப் பெண்டாங் என்கிறார்கள். சாவா என்ற சொல் பாம்போடு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எங்களுக்கு எப்படித் தெரியும்?

சவரிமுத்து அண்ணன் வானத்தில் செம்பருந்து வட்டம் போடுவதைக் கவனமாகப் பார்த்தார்.

"வயப் பாம்பா அது," என்றார் கடைசியில். "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரே வெட்டா வெட்டியிருப்பேன்லா."

"நல்லவேளை அண்ணே," என்றாள் பொன்னி, "ஒங்களுக்கு மலாய் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சாவாது என்று நம்பித்தான் மலையடியில் கவலையில்லாமல் விட்டுவிட்டு வந்தோம். வயல் பாம்பு என்றால் அது சாகும். டுரியான் தோப்பில் எல்லோர் கையிலும் பாராங் இருக்கும்.

"வண்டியைப் பூட்டுங்க அண்ணே," என்றாள்.

அடையாளம்

அந்த வண்டிப் பயணம் இப்போதும் எனக்குக் கனவில் வருகிறது. மர நிழல் பொன்னியின் முகத்தில் விழுந்து விழுந்து போனது. ஜாதிக்காய் வாசனை. மலை தலையில் மேகத்தைக் கட்டிக்கொண்டு, நாங்கள் போகப் போகப் பின்னால் நகர்ந்தது. குழந்தை குதிகால் கட்டோடு தூங்கியது. வழியெல்லாம் வீடுகள், கடைகள், களஞ்சியங்கள். இவை ஒவ்வொன்றின் உத்தரத்திலும் ஒன்று தூங்கிக்கொண்டிருப்பதாகவும், அவை தூங்கும்வரைதான் கீழே குழந்தைகள் தூங்கமுடியும் என்றும் எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு கூரையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். கழுத்து வலித்தது.

தோப்புக் காவல்காரர் ஒரு சீனக் கிழவர். எங்களோடு வண்டியில் வந்த பாக் மாட் மலாயில் விஷயத்தைச் சொன்னார்.

கிழவர் தலையை ஆட்டினார். பாம்பு இருக்கிறது, குடிசைக்குப் பின்னால் பழைய கூடைகளுக்கு அடியில். ஆனால் தரமுடியாது. அது வந்தபிறகுதான் அணில்கள் டுரியான் பக்கம் வருவதில்லை.

"எங்க பாம்பு அது," என்றாள் பொன்னி. குழந்தையின் காலைத் தூக்கிக் கட்டைக் காட்டினாள்.

கிழவர் கட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். அவர் சொன்னதை பாக் மாட் எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். "மலையில பாம்பு நிறைய இருக்கு. உன் பாம்பு என்று அடையாளம் சொல்லு. சரியா இருந்தா கொண்டு போ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையைப் பிடித்தவர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாராம். இடுப்பு எல்லாப் பாம்புக்கும் இடுப்புதான் என்றார் சவரிமுத்து அண்ணன். அதை நெருக்கமாகப் பார்த்தவன், அதனிடம் மொத்தமாக வாங்கிக்கட்டிக்கொண்டவன் நான் ஒருவன். என் ஆயுளில் முதல்முறையாக ஒரு கூட்டம் என் வார்த்தைக்குக் காத்திருந்தது.

"வாலைக் காட்டுங்க," என்றேன். "சொல்றேன்."

கூடைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். கடைசிக் கூடைக்கு அடியில், சருகு நிறத்தில், அந்த நுனி. நான் மண்டியிட்டேன். பொன்னி மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் குனிந்தாள். வாலைப் பூப்போல எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அங்கே நான் பார்த்தது என்னவென்றால்...

"ஏங்க."

பொன்னி. கதையில் அல்ல, இப்போது, எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து கூப்பிடுகிறாள்.

"பாம்பு கூரையிலேருந்து எறங்கிக் கோழிக் கூண்டுப் பக்கம் வந்துருச்சு. சீக்கிரம் வாங்க."

"கதை பாதியில நிக்குதுலா."

"கதை எங்க போவப்போவுது? கோழிதான் போவும். தலைய நான் புடிச்சுக்கிறேன், நீங்க வாலைப் புடிங்க. வெரட்டிப்புடாதீங்க, திரும்ப மேலதான் ஏத்திவிடணும். அவளையும் வரச் சொல்லுங்க."

எழுதுகிறவள் எழுந்திருக்கப் பார்க்கிறாள். காலை மடக்கி உட்கார்ந்திருந்ததில் குதிகால் தெரிகிறது. அதில் அரிசி மணி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு.

இதை மட்டும் எழுதிவிட்டு வா, அமிர்தம். சாக்கு கதவுக்குப் பின்னால் இருக்கிறது.